க்ளவுஸுக்கு வந்த வாழ்வு

ஒரு ஜோடி தோல் உறை. உள்ளே முடி திணித்திருக்கும். வெளியே வேர்வை, வாஸலின், எதிராளியின் எச்சில், அதிர்ஷ்டமிருந்தால் நாலு சொட்டு ரத்தம். ஐம்பது வருஷமாக யாரும் துவைக்கவில்லை. இப்படி ஒரு வஸ்துவோடு நீங்கள் வீட்டுக்கு வந்தால், "முதல்ல அதைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு, குளிச்சிட்டு உள்ள வாங்க" என்று வாசலிலேயே உத்தரவு வரும். 2014 பிப்ரவரியில் நியூயார்க்கில் இதை ஏலம் விட்டார்கள். போன விலை 8,36,500 டாலர். அன்றைய கணக்கில் ஐந்து கோடி ரூபாய் சொச்சம்!

மாட்டியிருந்த கைகள் காஷியஸ் க்ளேயுடையவை. இதை மாட்டிக்கொண்டு போட்ட குத்துச்சண்டை முடிந்த சில நாட்களில் அவர் முகமது அலி ஆகிவிட்டார். கை அதே கைதான். வாயும் அதே வாய்தான்.

'உலகத்திலேயே பெரிய ஆள் நான்தான்' என்று பார்த்தவர்களிடமெல்லாம் தானே சொல்லிக்கொண்ட மனிதர் அவர். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பொறுமையெல்லாம் கிடையாது. சரி, இவ்வளவு பெரிய ஆள், நாளைய சரித்திரத்துக்காகத் தன் க்ளவுஸ், பெல்ட், ட்ரவுசர் எல்லாவற்றையும் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். கேட்கக் கூச்சப்பட்டவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஏலக் கேட்லாக்குகளைப் புரட்டிப் பார்த்தால் இன்னொரு சங்கதியும் பிடிபடும். ஒழுங்காக ஆரம்பித்து, ஒழுங்காக முடிந்து, இருவரும் கட்டிப்பிடித்துப் பிரிந்த சண்டையின் சாமான்களுக்கு மவுசு கம்மி. எங்கே குளறுபடி நடந்ததோ, எங்கே யாரோ யார் கண்ணிலோ மண்ணைத் தூவினாரோ, அங்கேதான் விலை எகிறுகிறது. சேகரிப்பாளர்கள் தோலுக்குக் காசு கொடுப்பதாக நாம் நினைக்கிறோம். அவர்கள் கொடுப்பது தில்லுமுல்லுக்கு!

அந்த ஐந்து கோடி ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 பிப்ரவரி 25, மியாமி பீச். எதிரே சோனி லிஸ்டன். சிறையில் பாக்ஸிங் கற்றவர். முந்தைய சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சனை இரண்டு தடவை முதல் ரவுண்டிலேயே படுக்கவைத்தவர். பந்தயக்காரர்கள் 7-க்கு 1 என்று லிஸ்டன் பக்கம் நின்றார்கள். விளையாட்டு நிருபர்கள் 46 பேரைக் கேட்டதில் 43 பேர் லிஸ்டனுக்கே மாலையைத் தயார் செய்துவிட்டார்கள். மீதி மூன்று பேர் ஆயுள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே ஓசியில் காபி குடித்திருப்பார்கள்.

அன்று காலை எடை பார்க்கும் சடங்கு. க்ளே போட்ட கூச்சலுக்கு பாக்ஸிங் கமிஷன்காரர்கள் 2,500 டாலர் அபராதம் தீட்டினார்கள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். 120! பையன் பயத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று அறிவித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நாடி சமர்த்தாக இறங்கிவிட்டிருந்தது. ஆஸ்கர் கமிட்டிக்காரர்கள் யாரும் அன்று மியாமியில் இல்லாதது துரதிர்ஷ்டம்.

நாலாவது ரவுண்டு முடிகிற நேரத்தில் க்ளேயின் கண் பற்றி எரிய ஆரம்பித்தது. லிஸ்டனின் முகக் காயத்துக்குப் போட்ட மருந்தா, தோளுக்குத் தேய்த்த தைலமா, அல்லது யாராவது வேண்டுமென்றே க்ளவுஸில் தடவிவிட்டார்களா? அறுபது வருஷமாகப் பட்டிமன்றம் நடக்கிறது. க்ளேவுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. மூலைக்கு வந்து உட்கார்ந்தவர், க்ளவுஸை வெட்டி எடுக்கச் சொன்னார். உலகத்திலேயே பெரிய ஆள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நல்லவேளை, பக்கத்தில் ஆஞ்சலோ டண்டீ இருந்தார். ட்ரெய்னர். வெட்டவில்லை. ஸ்பாஞ்சால் கண்ணைக் கழுவி, ஓடிக்கொண்டே இரு என்று சொல்லி, ரிங்குக்குள் ஒரே தள்ளு. இதற்கு நடுவில் க்ளேயின் இஸ்லாமிய நண்பர்களுக்கு டண்டீ மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இந்த இத்தாலியக்காரன்தான் தண்ணீரில் எதையோ கலந்துவிட்டானோ? டண்டீ அதே தண்ணீரைத் தன் கண்ணிலும் விட்டுக் காட்டவேண்டியதாயிற்று. சீதைக்கு அக்னிப் பிரவேசம், டண்டீக்கு ஸ்பாஞ்சு பிரவேசம்.

அடுத்த ரவுண்டைக் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓட்டினார் க்ளே. ஆறாவது ரவுண்டில் வெளுத்து வாங்கினார். ஏழாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. தோள் வலியாம். அன்றைக்கு டண்டீ கையில் கத்தரிக்கோல் ஏறியிருந்தால் உலக சாம்பியன் பட்டமும் இல்லை, 2014-ல் ஏலமும் இல்லை. யாரோ துடைப்பத்தால் கூட்டித் தள்ளியிருப்பார்கள்.

இதைவிட அழகான கதை அடுத்த வருஷம் நடந்தது. மறுபடியும் அலி, மறுபடியும் லிஸ்டன். 1964 நவம்பரில் பாஸ்டனில் வைப்பதாக ஏற்பாடு. சண்டைக்கு மூன்று நாள் முன்னால் அலிக்குக் குடலிறக்கம். ஆபரேஷன். அவர் தேறி வருவதற்குள் பாஸ்டன்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டது. லிஸ்டனைச் சுற்றி எப்போதும் தாதாக்கள் வாடை. 'எங்க ஊர்ல வேண்டாம் சாமி' என்று கையைக் கழுவிவிட்டார்கள். கடைசியில் உலக ஹெவிவெயிட் சாம்பியன்ஷிப் எங்கே நடந்தது தெரியுமா? மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற ஆலைத் தொழிலாளர் ஊரில், பையன்கள் ஐஸ் ஹாக்கி விளையாடும் கொட்டகையில். வந்திருந்த ஜனம் 2,434. நம் ஊர்த் திருவிழாவில் பட்டிமன்றத்துக்கு இதைவிடக் கூட்டம் வரும்.

1965 மே 25. ஆரம்பமே அபசகுனம். தேசிய கீதம் பாட வந்த பிரபல பாடகர் ராபர்ட் கூலே வரிகளைக் கோட்டை விட்டார். பிறகு மணி அடித்தது. முதல் ரவுண்டிலேயே அலியின் வலது கை ஒரு தடவை சின்னதாக அசைந்தது. லிஸ்டன் மல்லாந்தார். பாதிப் பேர் அடியைப் பார்க்கவே இல்லை. மீதிப் பேர் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். அலிக்கே கொஞ்சம் குழப்பம்தான். எழுந்திரு, எழுந்து சண்டை போடு என்று லிஸ்டன் தலைக்கு மேலே நின்று கத்தினார். நீல் லைஃபர் எடுத்த அந்தப் போட்டோவை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சலூனிலிருந்து சட்டை வரை எல்லா இடத்திலும் இருக்கிறது. வீரத்தின் சின்னம் என்று மாட்டி வைத்திருக்கிறார்கள். பாவம், அது ஒரு மனிதர் இன்னொருவரிடம் 'என்னய்யா ஆச்சு உனக்கு?' என்று விசாரிக்கிற போட்டோ.

காமெடி இன்னும் முடியவில்லை. ரெஃப்ரி ஜெர்ஸி ஜோ வால்காட், முன்னாள் சாம்பியன். அலியை ஒதுக்கித் தள்ளுவதிலேயே மும்முரமாக இருந்ததில் எண்ண மறந்துவிட்டார். லிஸ்டன் நிதானமாக எழுந்து சண்டையையும் தொடர்ந்துவிட்டார். அப்போது ரிங் ஓரத்திலிருந்து ஒரு குரல். 'ரிங்' பத்திரிகை ஆசிரியர் நாட் ஃப்ளெய்ஷர். பத்து எண்ணியாகிவிட்டது, அவன் அவுட் என்கிறார். அவருக்கு அங்கே எந்த அதிகாரமும் கிடையாது. வால்காட்டோ சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டுக் கயிற்றோரம் போய் அவரிடம் பேசினார். திரும்பி வந்து சண்டையை நிறுத்தினார். கிரிக்கெட் மேட்ச்சில் அம்பயர் பிரஸ் பாக்ஸுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து அவுட் கொடுத்த மாதிரி.

'ஃபிக்ஸ்! ஃபிக்ஸ்!' என்று கூட்டம் கத்தியது. மெய்ன் மாநில பாக்ஸிங் கமிஷனர் உஷாரானார். க்ளவுஸ்களைக் கைப்பற்றி வைத்துக்கொண்டார். தடயமாம்! வராத அடியை க்ளவுஸில் எப்படித் தேடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே சந்தேகம்தான்.

தடயமாகப் போனது பொக்கிஷமாகத் திரும்பி வந்தது. 2015 பிப்ரவரியில் அலியின் க்ளவுஸும் லிஸ்டனின் க்ளவுஸும் ஒன்றாக ஏலத்துக்கு வந்தன. 9,56,000 டாலர். ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய். பூவோடு சேர்ந்து நாரும் விலைபோயிற்று. அதிலும் லிஸ்டனின் ஜோடியை விற்பவர் தைரியமாகவே விளம்பரம் செய்யலாம். 'சுமார் இரண்டு நிமிஷமே உபயோகித்தது, கிட்டத்தட்டப் புதுசு.'

கணக்கைக் கவனித்தீர்களா? நிஜமாக அடித்து உலகப் பட்டத்தைப் பிடுங்கிய க்ளவுஸுக்கு எட்டரை லட்சத்துக்கும் கம்மி. அடித்ததா இல்லையா என்று உலகமே சந்தேகப்படும் க்ளவுஸுக்கு ஒன்பதரை லட்சத்துக்கு மேல். உழைப்பைவிட வதந்திக்கு ஒரு லட்சம் டாலர் கூடுதல்.

தில்லுமுல்லு என்று ஆரம்பித்துவிட்டு டண்டீயின் தலைசிறந்த கைவரிசையைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். 1963 ஜூன் 18, லண்டன், வெம்ப்ளி ஸ்டேடியம். க்ளே தலையில் கிரீடத்தோடு வந்து இறங்கினார். நாடகக் கம்பெனி கிரீடம்தான், ஆனால் ராணி வசிக்கும் ஊரில்! எதிராளி ஹென்றி கூப்பர். இடது கை ஹூக் என்றால் இங்கிலாந்தே எழுந்து நிற்கும். 'அஞ்சாவது ரவுண்டில் முடிப்பேன்' என்று ஜோசியம் வேறு சொல்லியிருந்தார் க்ளே. நாலாவது ரவுண்டின் கடைசி விநாடிகளில் அந்த இடது ஹூக் தாடையில் இறங்கியது. கிரீடாதிபதி கயிற்றில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார். எழுந்தபோது கண்ணில் ஜீவனே இல்லை. மணி காப்பாற்றியது.

டண்டீ மூலையில் மூன்று காரியம் செய்தார். முதலாவது, மூக்கில் மருந்து உப்பை நீட்டினார். சட்டப்படி தப்பு. இரண்டாவது, க்ளவுஸில் தையலோரம் ஒரு சின்னக் கிழிசல் இருந்ததே, அதில் விரலைவிட்டுக் கொஞ்சம் பெரிசாக்கினார். மூன்றாவது, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு ரெஃப்ரியைக் கூப்பிட்டார். சார், க்ளவுஸ் கிழிஞ்சிருக்கு! விரல் விட்ட கதையைப் பின்னாளில் அவரே சந்தோஷமாகச் சொன்னார். மனசாட்சி உறுத்தியதாகத் தெரியவில்லை.

மாற்று க்ளவுஸ் கிடைக்கவில்லை. அதே கிழிந்த க்ளவுஸோடு ஐந்தாவது ரவுண்டு. கூப்பரின் கண்ணோரம் ஏற்கனவே பிளந்திருந்தது. க்ளே அதன்மேல் குத்தக் குத்த ரத்தம் ஆறாக ஓடி, ரெஃப்ரி சண்டையை நிறுத்தினார். ஜோசியம் பலித்துவிட்டது! அதற்கப்புறம் பிரிட்டனில் ரிங் பக்கத்தில் உதிரி ஜோடி வைத்திருக்கவேண்டும் என்று விதி வந்தது. ஒரு விரல் ஒரு தேசத்தின் சட்டத்தையே மாற்றியது.

இங்கேதான் சுவாரஸ்யம். கிழிசலால் க்ளேவுக்குக் கிடைத்த கூடுதல் ஓய்வு எவ்வளவு நேரம்? இங்கிலாந்தின் மதுக்கடைகளில் அது வருஷா வருஷம் வளர்ந்தது. ஒரு நிமிஷம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று, ஐந்துகூட ஆயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் க்ளே வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்திருப்பார். பழைய ஃபிலிமைப் போட்டு யாரோ கடிகாரத்தோடு உட்கார்ந்தார்கள். இடைவேளை மொத்தம் 66 விநாடி. வழக்கமான ஒரு நிமிஷத்தைவிட ஆறு விநாடிதான் அதிகம்! டண்டீ ஒரு க்ளவுஸைக் கிழித்து சம்பாதித்தது ஒரு தும்மல் நேரம். அதைச் சொன்னால் கூப்பரின் ரசிகர்கள் இன்றைக்கும் நம்பமாட்டார்கள். நம்பிக்கை என்பது அப்படித்தான் இருக்கும்.

இந்த டண்டீ 2012-ல் காலமானார். அதே வருஷம் அவர் சேர்த்து வைத்திருந்த அலி சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அலி வாய்ச்சவடால் விட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், பின்னால் நின்ற மனிதர் அமைதியாகப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார். கூட்டத்தில் யார் புத்திசாலி என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டண்டீயாவது பாதுகாத்தார். அலியின் கோஷ்டியில் ட்ரூ 'பண்டினி' ப்ரௌன் என்று இன்னொருவர் இருந்தார். பதவி என்ன? உற்சாகமூட்டுவது. அலியைப் பற்றி உலகம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கும் அந்த 'வண்ணத்துப்பூச்சி மாதிரி மித, தேனீ மாதிரி கொட்டு' வசனம் இவர் தலையில் உதித்ததுதான் என்கிறார்கள். சண்டைக்கு முன்னால் அலியோடு சேர்ந்து கத்துவார், அழுவார், சிரிப்பார். கையில் காசு மட்டும் நிற்காது. ஒரு சமயம் பணமுடை. என்ன செய்தார் தெரியுமா? அலியின் சாம்பியன் பெல்ட்டை எடுத்துப்போய் ஹார்லெமில் ஒரு முடிதிருத்துபவரிடம் 500 டாலருக்குத் தள்ளிவிட்டார்!

உலக சாம்பியனின் பெல்ட்டை, சார்! கட்டிங் ஷேவிங் செய்யும் இடத்தில்! வேறு யாராக இருந்தாலும் பண்டினியின் பல்லைப் பேத்திருப்பார்கள். உலகத்திலேயே பலமாகக் குத்தத் தெரிந்த மனிதரோ கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு, பிறகு மறுபடியும் சேர்த்துக்கொண்டார். எல்லாரையும் அடிக்கத் தெரிந்தவருக்கு ஆளை வேலையை விட்டு அனுப்பத் தெரியவில்லை.

2022 ஜூலையில் இன்னொரு பெல்ட் வெளிவந்தது. 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைச் சாய்த்த வெற்றிக்கான டபிள்யூபிசி பெல்ட். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியின் அப்போதைய முதலாளி ஜிம் இர்சே அதை வாங்கினார். விலை 61 லட்சத்து 80 ஆயிரம் டாலர். ஏறத்தாழ 50 கோடி ரூபாய். பண்டினி தள்ளிவிட்ட ரேட்டில் பார்த்தால் 12,360 பெல்ட் வாங்கலாம். ஹார்லெமில் ஒரு சலூன் பாக்கி இருக்காது.

பண்டினியின் புகழ் அத்தோடு நிற்கவில்லை. 1975 அக்டோபர் 1, மணிலா. அலிக்கும் ஜோ ஃப்ரேஸியருக்கும் மூன்றாவது சண்டை. இரண்டு பேருமே கிட்டத்தட்டச் செத்துப் பிழைத்த சண்டை. அன்று அலி போட்டிருந்த வெள்ளை ட்ரவுசர் பண்டினி கைக்குப் போயிற்று. 2024-ல் சோதபீஸ் ஏலத்துக்கு வந்தபோது 40 முதல் 60 லட்சம் டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டார்கள். ஏலம் 38 லட்சத்தில் நின்றுவிட்டது. விற்கவில்லை! பழைய ட்ரவுசருக்கு 38 லட்சம் டாலர் போதாது என்று ஒருவர் மறுக்கிற உலகத்தில்தான் நாமும் வாழ்கிறோம். (அந்த ட்ரவுசரைத் தைத்த எவர்லாஸ்ட் கம்பெனி 1910-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் நீச்சல் உடைக்காகத் தொடங்கியது. ஒரு வருஷம் தாங்கும் என்று கியாரண்டி கொடுத்தார்கள். ஐம்பது வருஷம் தாங்கி, கூடவே விலையும் ஏறும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.)

துணிமணி என்றதும் எல்விஸ் பிரெஸ்லியை விடமுடியாது. பாட்டுலக ராஜா, பாக்ஸிங் ராஜாவுக்கு அன்பளிப்பாக ஒரு அங்கி தைத்துக் கொடுத்தார். அங்கி என்றால் சாதா அங்கி இல்லை. எல்விஸ் மேடையில் போடுவாரே, அதே ரகம். பாக்கி இடமில்லாமல் கற்கள். முதுகில் 'பீப்பிள்ஸ் சாய்ஸ்'. அதை 'பீப்பிள்ஸ் சாம்பியன்' என்றுதான் போடச் சொல்லியிருந்தார்கள், தையல்காரர் மாற்றிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. 1973 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் ஜோ பக்னருடன் மோதியபோது அலி அதைப் போட்டுக்கொண்டு ஜொலித்தார். ஜெயித்தார். மார்ச் 31-ல் ஸான் டியாகோவில் கென் நார்ட்டனுடன் மோதியபோதும் போட்டார். நார்ட்டன் தாடையை உடைத்துவிட்டார். தோல்வி.

அதற்கப்புறம் அந்த அங்கியை அலி தொடவே இல்லை. கடவுள் தன் பக்கம் இருப்பதாகப் பேசிய வீரருக்கும் 'ராசியில்லாத சட்டை' பயம் இருந்திருக்கிறது. அவரும் நம்மில் ஒருவர்தான் என்று அங்கேதான் ஊர்ஜிதமாகிறது.

இப்போது பெரிய பொய்க்கு வருவோம். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ். 18 வயது க்ளே தங்கப்பதக்கம் வாங்கினார். கழற்றவே இல்லை. தூங்கும்போதும் போட்டிருந்தார். குத்தாமலிருக்க மல்லாந்தே படுத்தாராம். ஊர் திரும்பினால், அதே பதக்கத்தோடு போன உணவகத்தில் கறுப்பர் என்பதற்காகச் சாப்பாடு தர மறுத்துவிட்டார்கள். மனம் வெறுத்து, பதக்கத்தை ஓஹையோ ஆற்றில் வீசி எறிந்தார். 1975-ல் வந்த சுயசரிதை இப்படிச் சொல்கிறது. அந்தப் புத்தகத்துக்கு எடிட்டர் யார் தெரியுமா? டோனி மாரிஸன். பின்னாளில் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கிய அதே மாரிஸன்.

கறுப்பர்களுக்குச் சாப்பாடு மறுப்பது அன்றைய லூயிவில்லில் தினசரி நடந்த அநியாயம். அதில் பொய் கிடையாது. ஆற்றில் எறிந்ததுதான் இடிக்கிறது. அலியின் நெருங்கிய நண்பர்களே அது கட்டுக்கதை என்று சிரித்தார்கள். எங்கேயோ தொலைத்துவிட்டதாகப் பிறகு அலியே ஒப்புக்கொண்டார். கூட எழுதியவர் ரிச்சர்ட் டர்ஹம், ரேடியோ நாடகங்கள் எழுதிப் பழகியவர். தொலைந்த சாமானை ஆற்றில் இறக்கிவிட்டால் நாடகம் எவ்வளவு உயரத்துக்குப் போகிறது பாருங்கள்!

பலன்? 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் கூடைப்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளையில் அலியைக் கூப்பிட்டு, ஒலிம்பிக் தலைவர் ஸமராஞ்ச் மாற்றுப் பதக்கம் அணிவித்தார். அரங்கமே கண்ணீர் விட்டது. நீங்கள் ஸ்கூல் ஐடி கார்டைத் தொலைத்தபோது ஃபைன்தானே கட்டினீர்கள்?

தலைவரே இப்படிக் கதை விட்டால் தொண்டர்கள் சும்மா இருப்பார்களா? போலி வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. 1990-களின் கடைசியில் அமெரிக்காவின் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்து கோஷ்டிகளை வளைத்தது. பெரிய வீரர்களின் கையெழுத்தோடு சந்தையில் புழங்கும் பொருட்களில் பாதிக்கு மேல் டுபாக்கூர் என்று கணக்குச் சொன்னார்கள். அகப்பட்ட சரக்கில் உச்சக்கட்டம் என்ன தெரியுமா? அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்! கல்கத்தாவில் அவருக்கு எப்போது நேரம் கிடைத்தது என்று அந்தக் கோஷ்டிக்குத் தோன்றவே இல்லை.

அலி விஷயத்தில் போலிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். கை நடுங்க நடுங்கக் கையெழுத்து சுருங்கிக்கொண்டே போயிற்று. ஆக 90-களில் போட்டதாகச் சொல்லும் க்ளவுஸில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தால் உஷார். அழகாக இருந்தால் போலி, கோணலாக இருந்தால் அசல். பள்ளிக்கூடத்தில் கோழிக்கிறுக்கலுக்காகக் கொட்டு வாங்கியவர்கள் ஆறுதலடையலாம்.

ஒரிஜினல் கையெழுத்துக்குப் பஞ்சம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அலி மாதிரி கையெழுத்துப் போட்டுத் தள்ளிய இன்னொருவர் கிடையாது. இஸ்லாம் பற்றிய துண்டுப் பிரசுரங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைத்திருப்பார். யார் ஆட்டோகிராஃப் கேட்டாலும் அதில் ஒன்று. வாங்கியவர்கள் பத்திரமாக வைத்திருந்து விற்றார்கள். படித்தார்களா என்பது வேறு விஷயம். 2006-ல் தன் பெயர், உருவ உரிமையில் 80 சதவீதத்தை அலி ஒரு கம்பெனிக்கு 5 கோடி டாலருக்கு விற்றார். எல்விஸின் பெயரும் அதே கம்பெனி கையில்தான் இருந்தது. ராசியில்லாத அங்கியைக் கொடுத்தவரும் வாங்கியவரும் கடைசியில் ஒரே முதலாளியிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

கையெழுத்தை நம்பமுடியாது என்பதால் சேகரிப்பாளர்கள் வேறு வழிக்குப் போனார்கள். போட்டோ மேட்சிங். சண்டையின் பழைய படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் க்ளவுஸின் சுருக்கம், தையல் எங்கே லேசாகக் கோணியிருக்கிறது, நாடா எந்தத் துளையில் முறுக்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். தோலின் சுருக்கம் கைரேகை மாதிரியாம். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காதாம். கல்யாண வயதுப் பெண்ணின் ஜாதகத்தைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். இவ்வளவு பாடுபட்டு எதை நிரூபிக்கிறார்கள்? இந்த அழுக்கு அந்த நாள் அழுக்குதான் என்று!

அலி மட்டும் இதையெல்லாம் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார். 1976 மார்ச்சில் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு ஒரு ஜோடி க்ளவுஸும் அங்கியும் இலவசமாகக் கொடுத்தார். கூடவே, இந்தக் கட்டடத்திலேயே இதுதான் ரொம்பப் புகழ்பெற்ற பொருளாக இருக்கும் என்று தன் வாயாலேயே சான்றிதழும் கொடுத்தார். அமெரிக்காவின் சரித்திரச் சொத்துகளெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. அவற்றின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

நம் ஊருக்கும் வந்தார். 1980-ன் தொடக்கத்தில் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிச் சண்டை. எதிரே அவருடைய பால்ய சிநேகிதர், முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸ். பார்க்க வந்தவர் எம்.ஜி.ஆர். திரையில் ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்கவிடும் நம் அன்றைய முதல்வர், ஒருவரைச் சாய்க்கப் பதினைந்து ரவுண்டு எடுத்துக்கொள்ளும் அலியைப் பற்றி மனசுக்குள் என்ன நினைத்தாரோ! பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டையிலேயே ஊறிய வடசென்னைக்கு அன்று திருவிழா. அந்த இந்தியப் பயணத்தில் இருந்தபோதுதான் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரிடமிருந்து அழைப்பு வந்து, மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் புறக்கணிக்கச் சொல்லி ஆதரவு திரட்ட ஆப்பிரிக்காவுக்குப் பறந்தார். ராஜதந்திரியாக அவர் போட்ட அந்தச் சண்டை படுதோல்வி. அதனால் அந்தப் பயணத்துச் சாமான்களுக்கு ஏலத்தில் பெரிய கிராக்கி இருக்காது.

இத்தனை க்ளவுஸ், பெல்ட், ட்ரவுசருக்கும் மூலகாரணமான ஒரு பொருள் இருக்கிறது. 1954 அக்டோபர், லூயிவில். 12 வயது காஷியஸ் க்ளேயின் சிவப்பு ஷ்வின் சைக்கிள். விலை 60 டாலர். பொருட்காட்சிக்குப் போய்ப் பாப்கார்ன் தின்றுவிட்டு வெளியே வந்தால் சைக்கிளைக் காணோம். பையன் அழுதுகொண்டே கீழ்த்தளத்துக்கு ஓடினான். அங்கே ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். திருடனைப் பிடித்தால் நொறுக்கிவிடுவேன் என்றான் பையன். நொறுக்குவதற்கு முன்னால் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார் அவர். கற்றுக்கொண்டான். லிஸ்டன், ஃப்ரேஸியர், ஃபோர்மன் என்று சம்பந்தமே இல்லாதவர்களெல்லாம் அந்தத் திருடனுக்குப் பதிலாக அடி வாங்கினார்கள்.

சைக்கிள் கடைசிவரை கிடைக்கவில்லை. திருடனும் அகப்படவில்லை. ஆகவே, யாராவது ஒரு பழைய சிவப்பு ஷ்வின்னைத் தள்ளிக்கொண்டு வந்து, 'சார், அலியோட ஒரிஜினல் சைக்கிள், உங்களுக்காகச் சல்லிசா தர்றேன்' என்றால், போட்டோ மேட்சிங்கெல்லாம் வேண்டாம். இது உங்க கைக்கு எப்படி வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சரியான பதிலைச் சொல்லிவிட்டால் உடனே போலீசுக்கு போன் பண்ணிவிடுங்கள்.